பழகும் விருப்பம் எங்கே போகிறது? மனச்சிதைவின் தொடக்க ஆண்டுகள் குறித்து வாசகர் கேள்விகள்

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குரல்களையோ சந்தேகங்களையோ பற்றியவை அல்ல. அவை அடங்கிய பிறகும் பிள்ளை ஏன் யாரோடும் ஒட்டாமல் இருக்கிறான், மகள் ஏன் தோழிகளைத் தவிர்க்கிறாள் என்பதே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டிருக்கிறது. ஆகவே இம்முறை அந்த ஒரு பொருளுக்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியும், எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும் வெளியிடுகிறோம். பதில் அளிப்பவர் ஒரு மனநல மருத்துவர்.

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. எட்டு மாதங்களுக்கு முன் மனச்சிதைவு என்று கண்டறிந்தார்கள். காதில் கேட்ட குரல்களும், யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயமும் மருந்து தொடங்கிய சில வாரங்களில் அடங்கிவிட்டன. ஆனால் அவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. நண்பர்கள் அழைத்தால் எடுப்பதில்லை. சென்ற மாதம் என் அக்கா மகன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தபோது மட்டும் இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். மறுநாள் பழையபடி கதவைச் சாத்திக்கொண்டான். "பார்த்தாயா, அவனால் முடியும்; இதெல்லாம் சோம்பேறித்தனம்" என்கிறார் என் கணவர். நான் எதை நம்புவது?
- ஒரு தாய்

பதில்: கண்ணால் கண்டதை அப்படியே நம்புங்கள், அம்மா. அன்று அவர் சிரித்தது உண்மை. மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டதும் உண்மை. ஒரே மனிதரிடம் இரண்டும் நடிப்பில்லாமல் இருக்க முடியும். உங்கள் கணவர் பார்த்ததில் பிழையில்லை. அதிலிருந்து அவர் எட்டிய முடிவில்தான் பிழை.

இந்த நோயின் அறிகுறிகளில், இல்லாத குரல் கேட்பது, ஆதாரமற்ற நம்பிக்கை வேரூன்றுவது போன்றவை ஒரு தொகுதி. இயல்பாக இருக்க வேண்டியவை குன்றிப்போவது இன்னொரு தொகுதி; இவற்றை எதிர்மறை அறிகுறிகள் என்கிறோம். 2005-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆதரவில் கூடிய நிபுணர்கள் இவற்றை ஐந்தாக வகுத்தார்கள்: முகத்திலும் குரலிலும் உணர்ச்சி வெளிப்பாடு குறைதல், பேச்சு சுருங்குதல், செயல் முனைப்பு குன்றுதல், பிறரோடு பழகும் நாட்டம் குறைதல், இன்பம் காணும் திறன் குறைதல். நாம் கொடுக்கும் மருந்துகள் முதல் தொகுதியை நன்றாகவே அடக்குகின்றன. இரண்டாவதில் அவற்றின் பலன் குறைவு. குரல் நின்ற பிறகும் கதவு திறக்காமல் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்த ஐந்தில் கடைசியாகச் சொன்னது நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கலானது. நோயுள்ளவர்களுக்குப் படங்களையும் திரைக்காட்சிகளையும் காட்டி, அந்தக் கணத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்ட பல ஆய்வுகளில், அவர்கள் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே மகிழ்ச்சியைத் தெரிவித்தார்கள். டேவிட் கார்ட், ஆன் கிரிங் ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாட வாழ்க்கையின் நடுவே நாளுக்குப் பலமுறை அழைத்து, இப்போது என்ன செய்கிறீர்கள், அது எவ்வளவு பிடித்திருக்கிறது, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள், அது எவ்வளவு பிடிக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். செய்துகொண்டிருப்பதில் கிடைத்த இன்பத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வரப்போவதை எண்ணி முன்கூட்டியே மகிழ்வதில்தான் குறைவு தெரிந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவில் இதைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் நான் நோயாளிகளிடம் காண்பதோடு இது பெரிதும் பொருந்துகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் அக்கா மகன் வந்த நாளை நினைத்துப் பாருங்கள். அன்று உங்கள் மகன் யாரை அழைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எந்த நாள், எந்த நேரம் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. குளித்து, உடை மாற்றி, புறப்பட்டு, போய்ச் சேர்ந்து, முதல் வார்த்தையைத் தேடவும் வேண்டியிருக்கவில்லை. வாசலில் வந்து நின்ற மகிழ்ச்சியை அவர் அனுபவித்தார், அவ்வளவுதான். மறுநாள் ஒரு நண்பரைத் தானே அழைக்க வேண்டுமென்றால், அந்தப் படிகள் அத்தனையையும், அவற்றின் முடிவில் கிடைக்கப்போகும் இன்பத்தை மனக்கண்ணில் பார்த்தபடி ஏற வேண்டும். எந்தப் பலனுக்கு எவ்வளவு முயற்சி தகும் என்று எடைபோடும் வேலையில் மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கும், டோபமின் என்ற மூளை வேதிப்பொருளுக்கும், மூளையின் முன்புறப் பகுதிக்கும் பங்கு உண்டு. நோய் தொட்டிருப்பது அந்த இணைப்பை. முயற்சி மலைபோலத் தெரிகிறது, பலன் மங்கலாகத் தெரிகிறது. நேற்றுச் சிரித்த நினைவும் இன்றைய முடிவுக்கு உதவ வந்து நிற்பதில்லை.

ஆகவே "போகிறாயா?" என்று முந்தைய நாளே கேட்டு, "வேண்டாம்" என்ற பதிலை அவருடைய விருப்பமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரப்போகும் இன்பத்தைக் கணக்கிடும்படி கேட்பதுதான் அந்தக் கேள்வி. அந்தக் கணக்கில்தான் அவருக்குச் சிக்கல். அக்கா மகனிடம் பேசி, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம் வரச் சொல்லுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட, சேர்ந்து ஏதாவது செய்வது எளிது: ஒரு விளையாட்டு, ஒரு நடை, பழுதுபட்ட ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது. அவர் போன பிறகு, சூடு ஆறுவதற்குள், என்ன பேசினீர்கள், எது சிரிப்பை வரவழைத்தது என்று கேட்டு, மகன் கையாலேயே இரண்டு வரி எழுதி வைக்கச் செய்யுங்கள். அடுத்த வாரம் "இன்று வேண்டாம்" என்று அவர் சொன்னால் அந்த இரண்டு வரியைக் காட்டலாம். அறிவுரை செய்யாததை அவருடைய சொந்தக் கையெழுத்து சில நேரம் செய்துவிடும்.

இது நோய்தானே, அவனை அவன் போக்கில் விட்டுவிடுவோம் என்ற முடிவுக்கும் போய்விடாதீர்கள். சோம்பேறி என்று திட்டும் வீடுகளைப் போலவே, பாவம் என்று விட்டுவிடும் வீடுகளும் எனக்குக் கவலை தருகின்றன. பின்னதில் சத்தம் இல்லை என்பதால் யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை. இரண்டு மாதம் அக்கா மகன் வந்த பிறகு, அடுத்த சந்திப்பின் நேரத்தை உங்கள் மகனே குறுஞ்செய்தியில் தெரிவிக்கட்டும். தொடங்கும் வேலை கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்கு மாற வேண்டும்.

கேள்வி: எங்கள் மகள் சிறு வயதிலிருந்தே கூச்ச சுபாவம் உள்ளவள். 19 வயதில் நோய் வந்தது. அவள் இப்போது ஒதுங்கியிருப்பதில் எது சுபாவம், எது நோய் என்று எப்படிப் பிரித்தறிவது?
- ஒரு தந்தை

பதில்: மற்ற பெண்களோடு ஒப்பிடாமல், பழைய மகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூச்சமுள்ளவருக்கும் ஒரு தோழி இருந்திருப்பாள். ஒரு வகுப்பு, ஒரு விருப்பம் இருந்திருக்கும். அந்த ஒன்றும் உதிர்ந்திருந்தால் அது சுபாவம் அல்ல. நோய் வெளிப்படையாகத் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒதுங்குதல் தொடங்கிவிடலாம் என்பதையும் கவனியுங்கள். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹைன்ஸ் ஹெஃப்னர் தலைமையில் நடந்த ஆய்வு, முதல் மாற்றங்களுக்கும் தெளிவான மனநோய்க்கும் இடையே சராசரியாக ஐந்து ஆண்டுகள் வரை கழிந்திருந்ததைக் காட்டியது. எனவே 14 வயதில் அவள் எப்படி இருந்தாள் என்பதை எண்ணிப் பார்ப்பது பயன் தரும். சிகிச்சையால் அவளைக் கலகலப்பானவளாக மாற்ற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய அளவுக்குத் திரும்பினால் போதும்.

கேள்வி: எனக்கு 24 வயது. ஒன்றரை ஆண்டுக்கு முன் நோய் வந்து மருத்துவமனையில் இருந்தேன். எல்லோரும் எனக்கு யாரும் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைக்கிறார்கள். எனக்கு நண்பர்கள் வேண்டும், டாக்டர். கைபேசியை எடுக்கிறேன், ஒருவன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பிறகு வைத்துவிடுகிறேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது.
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, முன்பின் அறியாத ஒருவருக்கு இப்படி ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். கைபேசியில் தடுக்கி நிற்பவருக்கு இது சிறிய காரியம் அல்ல.

பிறரோடு பழகுவதில் இரண்டு விசைகள் இயங்குகின்றன என்று இத்துறையில் ஆய்வு செய்பவர்கள் சொல்கிறார்கள். மனிதரை நோக்கிப் போகச் சொல்வது ஒன்று. காயப்படாமல் இருக்க விலகச் சொல்வது மற்றொன்று. ஒன்று கூடினால் மற்றொன்று குறையும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டும் ஒருசேர வலுவாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ ஆசையே இல்லாதவரும், ஆசையிருந்தும் அஞ்சுபவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்: இருவரும் அழைப்பை எடுப்பதில்லை. ஆனால் இருவருக்கும் தர வேண்டிய உதவி வேறு. மனநோய் வந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமான தனிமை உணர்வைத் தெரிவிக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. யாரும் வேண்டாம் என்பவருக்குத் தனிமை வலிக்காது. ஆகவே நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். உங்களைச் சுற்றியிருப்பவர்களும் நம்ப வேண்டும்.

அச்சம் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? ஒரு பகுதி நடந்தவற்றிலிருந்து வந்தது. நோயின் உச்சத்தில் நண்பர்கள் உங்களைப் பார்த்திருக்கலாம், சிலர் விலகியிருக்கலாம். அதைக் கற்பனை என்று சொல்ல மாட்டேன். இன்னொரு பகுதி, எதிரிலிருப்பவரின் முகத்தையும் தொனியையும் படிப்பதில் இந்த நோய் ஏற்படுத்தும் தடுமாற்றம். எந்த உணர்ச்சியும் காட்டாத சாதாரண முகம்கூட வெறுப்பைக் காட்டுவதுபோலத் தோன்றலாம். ஆன்-காத்ரின் ஃபெட்டும் உடன் ஆய்ந்தவர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கொடுத்த பணத்தில் எவ்வளவை எதிராளியிடம் ஒப்படைக்கலாம் என்று முடிவு செய்யும் விளையாட்டை ஆடவைத்தார்கள். மனநோய் உள்ளவர்கள் முதல் சுற்றிலேயே குறைவாக நம்பினார்கள். எதிராளி பற்றி நல்ல தகவல் கொடுக்கப்பட்டபோதும் தங்கள் முடிவை மற்றவர்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளவில்லை. "கண்டுபிடித்துவிடுவார்கள்" என்று உங்களுக்குத் தோன்றுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். உண்மையில் உங்கள் முகத்தில் மருத்துவச் சீட்டு ஒட்டியிருக்கவில்லை. கொஞ்சம் அமைதியாக இருக்கிறான், இளைத்திருக்கிறான் அல்லது பருத்திருக்கிறான் என்பதைத் தாண்டி நண்பர்கள் பெரும்பாலும் எதையும் கவனிப்பதில்லை.

மூன்றாவது பகுதி நம்பிக்கைகள். பால் கிரான்ட், ஏரன் பெக் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, 'பாதி தோற்றாலும் முழுத் தோல்விதான்' என்பது போன்ற தோல்வி மனப்பான்மைக்கும் எதிர்மறை அறிகுறிகளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. முயன்று தோற்பதைவிட முயலாமல் இருப்பது பாதுகாப்பானது என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. இதை மாற்ற முடியும் என்பதுதான் உங்களுக்கான செய்தி. அதே குழுவினர், அன்றாடச் செயல்பாடு மிகவும் குன்றியிருந்த 60 பேரிடம் 18 மாதங்கள் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நம்பிக்கைகளைக் குறிவைத்த உரையாடல் சிகிச்சையும் வழக்கமான சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடச் செயல்பாட்டிலும் முனைப்பிலும் முன்னேறினார்கள். உங்கள் மருத்துவமனையில் உளவியலாளர் இருந்தால் இதைக் கேட்டுப் பெறுங்கள்.

இனி அந்தக் கைபேசி. பேச வேண்டாம், எழுதுங்கள். "கொஞ்ச காலம் உடம்பு சரியில்லாமல் இருந்தேன், இப்போது பரவாயில்லை. உன் நினைவு வந்தது. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பார்க்கலாமா?" இவ்வளவு போதும். இதில் பொய் எதுவும் இல்லை. நோயின் பெயரும் இல்லை. நோயின் பெயரை யாரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் உரிமை. முதல் சந்திப்பில் யாருக்கும் அந்தக் கடன் இல்லை. 'எப்போதாவது பார்ப்போம்' என்று எழுதாதீர்கள். நாளும் நேரமும் முடியும் நேரமும் இருக்கட்டும். முடிவு தெரிந்த சந்திப்புக்குப் போவது எளிது.

அனுப்புவதற்கு முன் ஒரு தாளில், இந்தச் சந்திப்பு எவ்வளவு நன்றாக இருக்கும் என்று 0 முதல் 10 வரை ஓர் எண் எழுதுங்கள். போய்வந்த அன்றே மறுபடியும் ஓர் எண் எழுதுங்கள். முதல் எண்ணைவிட இரண்டாவது பெரிதாக இருப்பதைப் பலர் காண்கிறார்கள். சில வாரங்கள் சேர்ந்த தாள் உங்கள் மனத்தின் முன்கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கே காட்டும். பதில் வராமலும் போகலாம். அப்போது, செய்தி அனுப்பிய காரியம் நிறைவேறியது என்றே குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போங்கள். மூன்று பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் தருவார் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஒருவரை மட்டும் நம்பி எழுதிவிட்டுக் காத்திருப்பது உங்களைப் போன்ற நிலையில் உள்ளவர்களை அதிகம் வாட்டுகிறது.

கேள்வி: மருந்துதான் என் தம்பியை மந்தமாக்கிவிட்டது என்று நினைக்கிறேன். நிறுத்திவிட்டால் பழையபடி எல்லோரோடும் பழகுவானா?
- ஓர் அண்ணன்

பதில்: உங்கள் சந்தேகத்தின் முதல் பாதியில் உண்மை இருக்கலாம். வில்லியம் கார்பென்டரும் சக ஆய்வாளர்களும் 1988-இலேயே, நோயின் உள்ளிருந்து வரும் ஒதுக்கத்தையும், வேறு காரணங்களால் வரும் ஒதுக்கத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். மருந்தால் வரும் தூக்கக் கலக்கம், தசை இறுக்கம், அசைவு குறைதல், இன்னும் முழுவதும் அடங்காத சந்தேகம், மனச்சோர்வு, கூட்டத்தைக் கண்டால் வரும் பதற்றம், செய்ய எதுவுமே இல்லாத நாட்கள் ஆகிய எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் 'பழக மனமில்லை' என்றே தெரியும். இவற்றுக்கு வழி உண்டு. அதனால்தான் இவற்றை முதலில் தேட வேண்டும். நடக்கும்போது தம்பியின் கைகள் வீசுகின்றனவா, பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார், மருந்தின் அளவு மாறிய எந்த வாரத்தில் இந்த மாற்றம் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைக்கவோ, வேளையை மாற்றவோ, மருந்தையே மாற்றவோ அவரால் முடியும். எதிர்மறை அறிகுறிகளே மேலோங்கியிருந்த 461 பேரிடம் 26 வாரங்கள் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், ரிஸ்பெரிடோன் என்ற மருந்தைவிட கேரிபிரசின் என்ற மருந்து இந்த அறிகுறிகளைக் கூடுதலாகக் குறைத்தது. எல்லோருக்கும் அது பொருந்தும் என்று சொல்லவில்லை. கேட்டுப் பார்க்கத் தகுந்தது.

நீங்களாக நிறுத்துவது வேறு விஷயம். முதல் முறை நோய் வந்தவர்களில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது; ஒவ்வொரு முறை திரும்பும்போதும் படிப்பும் வேலையும் நட்பும் மீண்டும் அறுபடுகின்றன. பழக வேண்டும் என்பதற்காக நிறுத்தி, பழகும் வாய்ப்பையே இழந்துவிடக் கூடாது. தம்பி வாழ்வதில் பொருளில்லை என்பது போலப் பேசினால், அடுத்த மருத்துவ நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே அழைத்துப் போங்கள். நோயின் முதல் ஆண்டுகளில் தற்கொலை அபாயம் அதிகம். பேசாமல் ஒதுங்கியிருப்பவரிடம் மனச்சோர்வு எளிதில் மறைந்துகொள்கிறது.

கேள்வி: அண்ணனுக்காக எல்லாக் கேள்விக்கும் அம்மாவே பதில் சொல்லிவிடுகிறார். அப்பா எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறார். நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். வீட்டில் எப்படிப் பேசினால் நல்லது?
- ஒரு தங்கை

பதில்: மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ வாழ்க்கைத் துணையிடமோ திரும்பியவர்களில், வாடகை அறைக்கோ உடன்பிறந்தவர்களிடமோ போனவர்களைவிட அதிகம் பேருக்கு நோய் திரும்பியதை லண்டனில் ஜார்ஜ் பிரவுன் 1950-களில் கவனித்தார். அன்பான வீட்டில் ஏன் இப்படி என்ற கேள்வியிலிருந்து வளர்ந்த ஆய்வுகள் மூன்றைச் சுட்டின: குறை கூறுதல், பகைமை, அளவுக்கு மீறிய தலையீடு. உங்கள் அப்பா முதலாவதையும் அம்மா மூன்றாவதையும் செய்கிறார்கள் என்று தோன்றுகிறது. இப்படிப்பட்ட வீட்டில், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பவர்களுக்கு அபாயம் கூடுதல் என்று 1976-இல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் காட்டினார்கள். குடும்பம் நோயை உண்டாக்குகிறது என்பது இதன் பொருள் அல்ல; அந்தப் பழியை எந்தப் பெற்றோரும் சுமக்க வேண்டியதில்லை. ஆற்ற முடியாத கவலைதான் இரண்டு வடிவங்களில் வெளிவருகிறது.

அண்ணனிடம் யாராவது ஏதாவது கேட்டால், உள்ளுக்குள் பத்து வரை எண்ணும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். இந்த நோயில் சிந்தனையின் வேகம் குறைவதால் பதில் தயாராகக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் அம்மாவின் பதில் முந்திவிட்டால், தான் பேசத் தேவையில்லை என்று அண்ணன் கற்றுக்கொள்கிறார். அப்பாவிடம் குறை சொல்லாதீர்கள் என்பதைவிட, "இன்றைக்காவது வெளியே போகக் கூடாதா?" என்பதற்குப் பதில் "ஆறு மணிக்கு நூலகத்துக்குப் போகிறேன், கூட வா, அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம்" என்று சொல்லச் சொல்லிப் பாருங்கள். முன்னது தீர்ப்பு, பின்னதில் துணையும் நேரமும் முடிவும் இருக்கின்றன. அவர் வரவில்லையென்றால் அப்பா தனியே போய்வர வேண்டும், முணுமுணுக்காமல். நீங்கள் நடுவில் நிற்க வேண்டாம். அண்ணனோடு உங்களுக்கென்று ஒரு வேடிக்கை, ஒரு தொடர், ஒரு பழைய விளையாட்டு இருந்தால் அதைத் தொடருங்கள். நோயைப் பற்றிப் பேசாத ஒருவர் வீட்டில் தேவை.

கேள்வி: மகன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டான். முதலில் ஆட்களோடு பழகக் கற்றுக்கொள்ளட்டும், பிறகு படிப்போ வேலையோ பார்க்கலாம் என்று காத்திருக்கிறோம். சரிதானா?
- ஒரு தந்தை

பதில்: இந்த வரிசையைப் பல குடும்பங்கள் நம்புகின்றன, நான் நம்புவதில்லை. 25 வயதில் நம்மில் எத்தனை பேர் பழகுவதற்காகவே பழகினோம்? வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர், வேலையில் ஒரே மேசையைப் பகிர்ந்தவர் என்று வேறு காரியத்தின் ஓரத்தில்தான் நட்பு விளைகிறது. ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு என்ற முறை, நெடுங்காலப் பயிற்சிக்குப் பிறகு வேலை என்ற பழைய வரிசையை மாற்றி, முதலில் விரும்பும் வேலையிலோ படிப்பிலோ சேர்த்துவிட்டு அங்கேயே துணை நிற்கிறது. வேலையில் அமர்த்துவதில் பழைய முறையைவிட அது சிறந்தது என்று பல நாடுகளில் நிறுவப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் முதல்முறை மனநோய் வந்த 404 பேரிடம் நடத்தி 2016-இல் அச்சான ரெய்ஸ் ஆய்வில், மருந்து, தனி உளவியல் சிகிச்சை, குடும்பத்துக்கான கல்வி, வேலை மற்றும் படிப்புக்கான ஆதரவு ஆகிய நான்கையும் ஒரே குழு சேர்த்து அளித்தபோது, வழக்கமான சிகிச்சையைவிட உறவுகள் உட்பட வாழ்க்கைத் தரம் கூடுதலாக மேம்பட்டது. நோய் தொடங்கியதிலிருந்து சிகிச்சை தொடங்கும்வரை கழிந்த காலம் 74 வாரங்களுக்குள் இருந்தவர்களுக்குப் பலன் அதிகம். ஆகவே காத்திருப்பது நடுநிலையான முடிவு அல்ல; அதற்கும் விலை உண்டு. ஒரு பாடம், அரை நாள் வேலை என்று தொடங்கலாம். பழகும் திறனுக்கான குழுப் பயிற்சி கிடைத்தால் அதுவும் நல்லது. உடன் நடக்கட்டும், முன் நிபந்தனையாக வேண்டாம்.

கேள்வி: என் மகள் இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு பேசுகிறாள், சேர்ந்து விளையாடுகிறாள். வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. கைபேசியைப் பறித்துவிடலாமா?
- ஒரு தாய்

பதில்: பறிக்க வேண்டாம். எழுத்தில் முகத்தைப் படிக்க வேண்டியதில்லை. பதில் யோசிக்க நேரம் கிடைக்கிறது. தளர்ந்தால் எழுந்து போய்விடலாம். மனச்சிதைவில் கடினமாகிப்போன மூன்றும் அங்கே எளிதாகின்றன, ஆகவே அவள் அங்கே போவதில் வியப்பில்லை. அண்மையில் நோய் தொடங்கியவர்களுக்காகவே பிரைம் என்ற கைபேசிச் செயலியை உருவாக்கி, சக பயனர்களின் சமூகமும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளும் சேர்த்து 43 பேரிடம் 12 வாரங்கள் சோதித்தார்கள். 2018-இல் வெளியான அதன் முடிவுகளில், ஊக்கத்தின் சில கூறுகளும் மனச்சோர்வும் தோல்வி மனப்பான்மையும் மேம்பட்டிருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் திரை வழியாக வரும் உறவை வெறும் தப்பித்தல் என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

கவனிக்க வேண்டியவை வேறு. இரவு முழுவதும் விழித்திருக்கிறாளா? யாராவது பணம் கேட்கிறார்களா? தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற பழைய சந்தேகத்துக்கு அங்கே யாராவது தூபம் போடுகிறார்களா? மருந்து வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் இருக்கிறாளா? இவற்றில் எதற்காவது ஆம் என்ற பதில் வந்தால் அவளுடைய மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், அவள் ஆடும் விளையாட்டை உங்களுக்கும் காட்டச் சொல்லிக் கேட்டு, ஒரு சுற்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்; தோற்றால் எரிச்சல்படுவாள், அது போகட்டும். பேச ஒரு பொருள் உங்களுக்குக் கிடைத்துவிடும்.